கண்ணிலா, கண்ணாடியிலா?

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. உடனே பதில் எழுதாததற்கு இந்த முறை சோம்பல் காரணமில்லை. இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளாக என் கை முழுக்க வெளிர்சந்தன நிறச் சேறு. நகக்கண்ணில் இன்னும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

"ராத்திரியில் வண்டி ஓட்டவே பயமாக இருக்கிறது, எதிரே வரும் விளக்கு நார் நாராகப் பிரிந்து கண்ணை அடைக்கிறது, வயதாகிவிட்டது" என்று எழுதியிருந்தாய். படித்ததும் சிரித்துவிட்டேன். கோபித்துக்கொள்ளாதே. இரண்டு மாதத்துக்கு முன்பு இதே வார்த்தைகளை நான் வீட்டில் சொல்லிக்கொண்டிருந்தேன். கண் டாக்டரிடமும் போனேன். எல்லாம் பார்த்துவிட்டு, "வயதுக்கு ஏற்ற கண்தான், குறை ஒன்றும் இல்லை. வேறு யாருடைய வண்டியிலாவது ராத்திரி முன்சீட்டில் உட்கார்ந்து பார்த்தீர்களா?" என்று கேட்டார். அன்றைக்கே மச்சானோடு அவர் வண்டியில் கிளம்பினேன். எதிரே வந்த விளக்கெல்லாம் விளக்காகவே இருந்தது. நார் இல்லை, வால் இல்லை. அப்போதுதான் என் வண்டியின் முன்கண்ணாடி மேல் சந்தேகம் வந்தது. நீயும் முதலில் கண்ணைக் காட்டிவிடு. அங்கே புரை இருந்தால் எந்த பாலிஷும் அதைப் போக்காது. கண் சரி என்று சொல்லிவிட்டால் மேற்கொண்டு படி.

இருட்டிய பிறகு வண்டிக்கு வெளியே நின்று, டார்ச்சைக் கண்ணாடிக்குச் சாய்வாகப் பிடித்துப் பார். நான் பார்த்தபோது, வைப்பர் போய்வரும் அரைவட்டம் அப்படியே நூற்றுக்கணக்கான மெல்லிய கோடுகளாக மின்னியது. பகலில் ஒரு கோடுகூடத் தெரியாது. டிரைவர் பக்கம் முடி மாதிரி கோடுகள். இடது பக்கம் மட்டும் ஒரே ஒரு தடித்த வளைவு, சாக்பீஸால் இழுத்தது போல. அது என் புண்ணியம்தான். அந்தப் பக்க ரப்பர் கிழிந்து, கம்பி கண்ணாடியில் உரசி, ஒரு மழைக்காலம் முழுக்க "கிரீச், கிரீச்" என்று கத்தியது. நான் பாட்டுச் சத்தத்தைக் கூட்டி வைத்துக்கொண்டு ஓட்டினேன்.

மெல்லிய கோடுகளுக்குக் காரணம் ரப்பர் அல்ல, தூசி. மோஸ் அளவுகோலில் கண்ணாடியின் கடினம் சுமார் 5.5, மணலில் இருக்கும் குவார்ட்ஸ் 7. காய்ந்த கண்ணாடியில் தூசியைத் துடைக்க வைப்பரை ஒரு தட்டுத் தட்டுகிறோமே, அப்போது ரப்பருக்கு அடியில் அந்த மணல் உப்புத்தாள் வேலை பார்க்கிறது. தண்ணீர் பீச்சாமல் வைப்பரைப் போடும் பழக்கம் உனக்கும் உண்டு, எனக்குத் தெரியும்.

சரி, சொந்த அனுபவத்துக்கு வருகிறேன். முதலில் யாரோ சொன்னார்கள் என்று பற்பசையைத் தேய்த்தேன். அடுத்து வண்டி பெயிண்டுக்குப் போடும் பாலிஷ். இரண்டு முறையும் தேய்த்து முடித்ததும் கோடு காணாமல் போனது, நானும் மார்தட்டினேன். அரைமணி நேரத்தில் காய்ந்ததும் எல்லாம் பழையபடி வந்து உட்கார்ந்துகொண்டது. யோசித்தால் விஷயம் எளிது. கீறல் என்பது ஒரு பள்ளம். அதில் தண்ணீரோ பசையோ நிரம்பியிருக்கும்வரை வெளிச்சம் அவ்வளவாகச் சிதறாது, கண்ணுக்குத் தெரியாது. காற்று நிரம்பினால் சிதறும். வண்டியைக் கழுவும்போது கண்ணாடி புதுசு மாதிரி இருப்பதும் இதனால்தான். அதனால் கழுவும்போது எதையும் நம்பாதே, நன்றாகக் காய விட்டுப் பார்.

உண்மையில் வேலை செய்வது சீரியம் ஆக்சைடு. லென்ஸ் தேய்ப்பவர்கள் பயன்படுத்தும் பொடிதான் இது, சந்தன நிறத்தில் வரும். வெறுமனே அரைப்பதோடு அது நிற்பதில்லை. தண்ணீரோடு சேரும்போது கண்ணாடியின் மேற்பரப்போடு வேதிமுறையில் பிணைந்து, மெல்லிய படலமாக உரித்தெடுக்கிறது. அதனால்தான் தேய்த்த இடம் மங்காமல் பளபளக்கிறது. தண்ணீர் இல்லாவிட்டால் அந்தப் பொடிக்கு வேலையே இல்லை.

முதல் ஞாயிறு காலை முழுக்கத் தயாரிப்பிலேயே போய்விட்டது. கண்ணாடியை இரண்டு முறை சோப்புத் தண்ணீரில் கழுவினேன். ஒரு மணல் தங்கினாலும் தேய்க்கிற தேய்ப்பில் புதுக் கீறல் விழும். பிறகு உள்பக்கம் உட்கார்ந்து, கோடு இருக்கும் இடங்களை மார்க்கர் பேனாவால் வட்டமிட்டேன். வெளியே சேறு பூசியதும் கோடு எங்கே இருக்கிறது என்று தெரியாது, அதற்காக. ஓரத்து ரப்பரிலும் பானெட் இடுக்கிலும் மாஸ்க்கிங் டேப் ஒட்டி, பானெட்டின் மேல் பழைய போர்வையை விரித்தேன். டேப் ஒட்ட மறந்த ஓர் இடுக்கில் பொடி காய்ந்து இன்றைக்கும் வெள்ளையாக நிற்கிறது.

கீறலின் ஆழத்தைப் பார்க்க நகமே போதும். கோட்டுக்குக் குறுக்கே மெதுவாக இழு. வழுக்கிப் போனால் பாலிஷில் போகும், அல்லது கண்ணுக்கு உறுத்தாத அளவுக்கு மங்கும். நகம் மாட்டி நின்றால் அதைத் தொடாதே. எனக்கு இந்த விதி தெரிந்திருந்தும் மீறினேன், அதைக் கடைசியில் சொல்கிறேன்.

பொடியில் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் விட்டு, பெயிண்ட் பதத்துக்குக் குழைத்துக்கொள். டிரில்லில் மாட்டும் வட்டமான ஃபெல்ட் (அழுத்திய கம்பளி) பேடை நனைத்து, குழம்பில் தோய்த்து, கண்ணாடியின் மேல் வைத்த பிறகு சுவிட்சைப் போடு. சுற்ற விட்டு வைத்தால் உன் சட்டை, சுவர், பக்கத்து வீட்டுக் காய்கிற துணி எல்லாம் சந்தனம் பூசிக்கொள்ளும். வேகம் குறைவாகவே இருக்கட்டும். கைக்கு எட்டும் ஒரு சின்னச் சதுரத்தை எடுத்துக்கொண்டு, பேடை நகர்த்திக்கொண்டே இரு. பக்கத்தில் ஒருவர் ஸ்பிரே பாட்டிலோடு நின்றால் நல்லது. என் வீட்டில் இவள் நின்றாள். "காயுது, காயுது" என்று அவள் சொல்லும்போதெல்லாம் நான் நிறுத்தவேண்டியிருந்தது. அரை நிமிடத்துக்கு ஒரு முறை கண்ணாடியைத் தொட்டுப் பார்க்கவும் அவளே சொன்னாள். வெதுவெதுப்பு பரவாயில்லை, சூடு என்று தோன்றினால் நிறுத்தி ஆறவிடவேண்டும். ஒரே இடத்தில் சூடேறினால் கண்ணாடி விரிசல் விட்டுவிடும். இதே காரணத்துக்காக வெயிலிலும் இந்த வேலை கூடாது.

பொடி மூக்கில் போகாமல் முகக்கவசம், கண்ணில் தெறிக்காமல் பாதுகாப்புக் கண்ணாடி. இது இரண்டையும் நீ சிரித்துக்கொண்டே தவிர்ப்பாய் என்பதால் தனியாக எழுதுகிறேன்.

ஒரு உள்ளங்கை அகலத்துக்கு எனக்கு இருபது நிமிடத்துக்கு மேல் ஆனது. நடுவில் துடைத்து, காயவிட்டு, டார்ச் அடித்துப் பார்த்து, மறுபடியும். டிரைவர் பக்கத்து மெல்லிய கோடுகளில் பெரும்பகுதி போய்விட்டது. அன்று ராத்திரி சும்மா ஒரு சுற்றுப் போய் வந்தேன். எதிரே லாரி வந்தது, இரண்டு விளக்கு, வட்டமாக, அவ்வளவுதான். அந்த லாரியைத் திரும்பிப் பார்த்து வணக்கம் சொல்லலாம் போலிருந்தது.

அந்த உற்சாகத்தில்தான் அடுத்த ஞாயிறு தப்பு செய்தேன். இடது பக்கத்துத் தடித்த வளைவில் நகம் தெளிவாக மாட்டியது. இருந்தும், "இவ்வளவு செய்தோம், இதையும் பார்த்துவிடலாமே" என்று ஒன்றரை மணி நேரம் அதன் மேலேயே டிரில்லைப் பிடித்தேன். கோடு போகவில்லை. அதைச் சுற்றிக் கண்ணாடி லேசாகக் குழிந்துவிட்டது. முன்சீட்டில் உட்கார்ந்து தலையை அசைத்தால், எதிரே இருக்கும் மின்கம்பம் அந்த இடத்தில் பாம்பு மாதிரி நெளிகிறது. பயணி பக்கமாக இருந்ததால் தப்பித்தேன். டிரைவர் பார்வைக்கு நேரே இப்படிக் குழி விழுந்தால் கீறலைவிட மோசம், கண்ணாடியையே மாற்றவேண்டியதுதான். ஆழத்தை அழிக்க வேண்டுமென்றால் சுற்றியிருக்கும் அவ்வளவையும் அந்த ஆழத்துக்குச் சமமாக இறக்கவேண்டும். முன்கண்ணாடி என்பது நடுவில் பிளாஸ்டிக் படலம் வைத்து ஒட்டிய இரண்டு கண்ணாடித் தகடுகள். நாம் தேய்க்கும் வெளித்தகடு பொதுவாக இரண்டு மில்லிமீட்டரைச் சுற்றித்தான் இருக்கும். அதில் எவ்வளவைச் சுரண்டுவது?

உன் புது வண்டியில், பின்னால் வருவதைப் பார்க்கும் நடுக்கண்ணாடிக்குப் பின்னால், தானாக பிரேக் போட வைக்கும் கேமரா இருப்பதாக எழுதியிருந்தாய். அதன் முன்னால் இருக்கும் பகுதியில் கை வைக்காதே. உனக்கு நெளிவது போலவே அதற்கும் நெளியும், அது பிரேக்கைப் போட்டுத் தொலைக்கப் போகிறது.

இதற்கிடையே வைப்பரைப் பற்றித் தேடிப் படித்தேன். அமெரிக்காவில் மேரி ஆண்டர்சன் என்ற பெண்மணி 1903இல் அதற்குக் காப்புரிமை வாங்கியிருக்கிறார். உள்ளே இருந்தபடி கையால் ஒரு நெம்புகோலை ஆட்டவேண்டும், வெளியே ரப்பர் துடைக்கும். ஒட்டுக்கண்ணாடிக்கு பிரான்சில் எதுவார் பெனதிக்துஸ் காப்புரிமை வாங்கியது 1909இல். ஆக, துடைப்பான் வந்து ஆறு வருடம் கழித்துத்தான் அந்தக் கண்ணாடியே வருகிறது. இதை இவளிடம் சொன்னபோது, "துடைக்கிறதுக்கு முதல்ல யோசிச்சது பொம்பளைதானே" என்றாள். பதில் சொல்ல முடியவில்லை.

இப்போது புது ரப்பர் போட்டிருக்கிறேன். வாரம் ஒரு முறை ஈரத்துணியால் ரப்பரின் விளிம்பை வழித்துவிடுகிறேன். துணியில் வரும் கறுப்பைப் பார்த்தால் உனக்கே பயம் வரும்.

வீட்டில் மற்றபடி எல்லாரும் சுகம். சின்னவன் ஓட்டக் கற்றுக்கொள்கிறான், காய்ந்த கண்ணாடியில் வைப்பரைப் போட்டால் சத்தம் போடுகிறேன், அவன் என்னை ஒரு மாதிரி பார்க்கிறான். உன் முழங்கால் எப்படி இருக்கிறது? அதைப் பற்றி ஒரு வரிகூட நீ எழுதவில்லை.

அடுத்த மாதம் வருகிறேன். பொடி மிச்சமிருக்கிறது, பேடும் இரண்டு இருக்கிறது, கொண்டுவருகிறேன். டிரில் மட்டும் இரவல் வாங்கியது, திருப்பிக் கொடுத்துவிட்டேன். என் டிரில்லை நீ அலமாரி மாட்டவேண்டும் என்று வாங்கிப்போய் எட்டு வருடமாகிறது. தேடி வை.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுத் தோழன்