பரிணாமப் பாடத்தைத் தள்ளிவிட்டுப் போகாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பத்தாம் வகுப்பு படிக்கும் என் பேத்தியின் அறிவியல் புத்தகத்தைப் போன வாரம் புரட்டினேன். பரிணாமப் பாடத்தின் மேல் பென்சிலால் பெரிய பெருக்கல் குறி. "அது வேண்டாம்னு மிஸ் சொல்லிட்டாங்க பாட்டி, ஒரு மார்க்குதான் வருமாம்" என்றாள். 31 ஆண்டுகள் அரசுப் பள்ளிகளில் அறிவியல் நடத்தியவள் நான். மனசு கேட்கவில்லை.

2023-இல் மத்திய அரசின் பாடநூல் அமைப்பான என்சிஇஆர்டி பத்தாம் வகுப்புப் பாடநூலிலிருந்து பரிணாமத்தை நீக்கியபோது, 1,800-க்கும் மேற்பட்ட அறிவியலாளர்களும் ஆசிரியர்களும் அதை எதிர்த்துக் கையெழுத்திட்டார்கள். நம் மாநிலப் புத்தகத்தில் அந்தப் பாடம் பத்திரமாக இருக்கிறதே என்று அன்று நிம்மதியாக இருந்தேன். புத்தகத்தில் இருந்தும் வகுப்பில் நடத்தாவிட்டால் என்ன பயன்?

ஆறு வருடத்துக்கு முன் எனக்குத் தைராய்டு கட்டிக்கு அறுவை சிகிச்சை நடந்தது. முதல் நாள் மருத்துவர் ஒரு தாளில் படம் போட்டுக் காட்டினார். குரலை இயக்கும் நரம்பு தைராய்டை ஒட்டியே போகிறது, அதில் பட்டால் குரல் போகலாம் என்று சொல்லிக் கையெழுத்து கேட்டார். நான் அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். மூளைக்கும் குரல்வளைக்கும் ஒரு சாண் தூரம்கூட இல்லை. ஆனால் இடப்பக்க நரம்பு கழுத்தைத் தாண்டி நெஞ்சுக்குள் இறங்கி, இதயத்திலிருந்து கிளம்பும் பெருந்தமனியின் அடியில் வளைந்து, மறுபடி மேலே ஏறி வருகிறது. ஏன் இந்தச் சுற்றுவழி? மீனுக்குக் கழுத்து கிடையாது, இதயம் செவுளுக்குப் பக்கத்திலேயே இருக்கும். செவுளுக்குப் போகும் நரம்பு ஒரு ரத்தக் குழாயின் பின்னால் நேராகப் போய்விடும். மீனின் வழிவந்த உயிர்களுக்குக் கழுத்து நீண்டு இதயம் கீழே இறங்கியபோது, ரத்தக் குழாய் நரம்பையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போய்விட்டது. ஒட்டகச்சிவிங்கியில் இதே நரம்பு நான்கு மீட்டருக்கும் மேல் சுற்றி வருகிறது.

இரண்டு மாதம் குரல் கம்மியிருந்தது, அப்புறம் சரியாகிவிட்டது. பணியில் இருந்தபோதே இது தெரிந்திருக்கக் கூடாதா என்றுதான் இன்றும் வருத்தம். டார்வின், குருவி, தீவு என்று தொலைவில் இருப்பதையே சொல்லிக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு பிள்ளையும் தன் தொண்டையைத் தொட்டுப் பார்த்தே படித்திருக்கலாம்.

ஒன்றை மட்டும் ஓரளவு சரியாகச் செய்தேன். வாரம் ஒருமுறை இரும்புச் சத்து மாத்திரை கொடுப்போம். குமட்டுகிறது என்று பெண் பிள்ளைகள் உள்ளங்கையில் ஒளித்து வைத்துக்கொள்வார்கள். அதனால் மாத்திரையோடு ஒரு கதையும் சொல்வேன். நம் உடம்பில் இருக்கும் இரும்பு மொத்தமே மூன்று, நான்கு கிராம்தான். அது பூமியில் உண்டானதில்லை. சூரியனாலும் இரும்பை உண்டாக்க முடியாது. விண்மீன்கள் வெடித்துச் சிதறியபோது வந்தது அது. அதிலும் பெரும்பகுதி, எரிபொருள் தீர்ந்து சுருங்கிப்போன வெண்குள்ளன் என்னும் விண்மீன்கள் வெடித்ததில் வந்தது. அப்படிப்பட்ட விண்மீன் எவ்வளவு எடை வரை தாங்கும் என்று கணக்குப் போட்டவர், சென்னை மாநிலக் கல்லூரியில் படித்துவிட்டு 1930-இல் இங்கிலாந்துக்குக் கப்பலேறிய சந்திரசேகர். அப்போது அவருக்கு வயது 19. சூரியனைப் போல் ஏறக்குறைய 1.4 மடங்கு என்பது அவர் கண்ட எல்லை. 1983-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

ஒரு பிள்ளை எழுந்து, "எந்த நட்சத்திரம் டீச்சர்? இப்ப வானத்துல இருக்கா?" என்று கேட்டாள். ஒன்றல்ல, பல. சூரியன் பிறப்பதற்கு முன்பே, அதாவது 460 கோடி ஆண்டுகளுக்கு முன்பே அவை முடிந்துவிட்டன என்றேன். அன்று அவள் மாத்திரையை விழுங்கினாள்.

உங்கள் நாளிதழின் கல்விப் பக்கத்தில் பொதுத்தேர்வு மாதிரி வினாத்தாள் வெளியிடுகிறீர்கள். இந்தப் பாடத்திலிருந்தும் பெரிய கேள்விகள் வையுங்கள். ஞாபகத்திலிருந்து ஒப்பிக்கிற கேள்வியாக இல்லாமல், குரல் நரம்பு ஏன் சுற்றிப் போகிறது என்பதுபோல் யோசிக்க வைக்கிற கேள்வியாக இருக்கட்டும். கேள்வி வரும் என்று தெரிந்தால் பள்ளிகளில் கட்டாயம் நடத்துவார்கள். வினாக்கள் எழுதித் தர நான் தயாராக இருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அறிவியல் ஆசிரியை,
மன்னார்குடி.