சில்லறை மாற்ற வந்த அக்காவுக்கு

அப்பாவின் கம்ப்யூட்டரில் இருந்த கோப்புகள் நேற்று சாயங்காலம் திறந்துவிட்டன. ஒன்றுகூடச் சேதமில்லை. அப்பாவின் காரியம் முடிந்த நாளிலிருந்து விசாரித்துக்கொண்டே இருந்த உங்கள் எல்லோருக்கும் முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். நடந்தது உங்களுக்குத் தெரியும், அதை மறுபடி எழுத எனக்குத் தெம்பில்லை.

மதுரை டவுன்ஹால் ரோட்டுப் பக்கம் சர்வீஸ் கடை வைத்திருக்கும் தம்பிக்கு நன்றி. அவருக்கு முன்னால் பார்த்த ஓரிடத்தில் "பார்மட் அடிச்சுத் தந்துடறோம்" என்றார்கள். இவர் முதலில் ஹார்டு டிஸ்க்கைக் கழற்றி அப்படியே ஒரு நகல் எடுத்து வைத்தார். மதர்போர்டில் இருந்த சிஆர்2032 பட்டன் பேட்டரி செத்துப்போனதால்தான் ஒவ்வொரு முறையும் தேதி பின்னால் போய், எஃப்1 விசையை அழுத்தச் சொல்லிக் கேட்டது. எந்த டிஸ்க்கிலிருந்து தொடங்குவது என்ற பூட் வரிசையும் அதோடு மறந்துபோய், அப்பா எப்போதோ செருகி மறந்த பிளாப்பியில் போய் நின்று 'Non-system disk' என்றது, அதாவது சிஸ்டம் இல்லாத டிஸ்க். பேட்டரி மாற்றி, பிளாப்பியை எடுத்ததும் விண்டோஸ் எக்ஸ்பி வந்துவிட்டது. மானிட்டர் கொடுத்த சித்தப்பா, பழைய ஹார்டு டிஸ்க்கை இணைக்கும் ஐடிஇ கேபிள் தேடித் தந்த அப்பாவின் மாணவர்கள், ராத்திரி பன்னிரண்டு மணிக்கும் போன் எடுத்த தோழிகள், எல்லோருக்கும் நன்றி.

பாஸ்வேர்டில்தான் மாட்டினோம். சேஃப் மோடில் அட்மினிஸ்ட்ரேட்டராக நுழைந்த தம்பி, டி டிரைவில் கோப்புப் பெயர்கள் பச்சை நிறத்தில் இருப்பதைப் பார்த்ததும் மவுஸிலிருந்து கையை எடுத்துவிட்டார். "என்கிரிப்ட் பண்ணி, பூட்டி வச்சிருக்காரு அக்கா. பாஸ்வேர்டை ரீசெட் பண்ணினா இது திறக்கவே திறக்காது. அவர் வச்ச அதே வார்த்தை வேணும்." திரையில் கேள்விக்குறியை அழுத்தினால் அப்பா எழுதி வைத்த குறிப்பு வந்தது. இங்கிலீஷ் எழுத்துகள்தாம், ஆனால் ஒரு சொல்லாகவும் சேரவில்லை. இரண்டு நாள் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் பக்கத்துக் கடை அக்கா வந்தார், ஐநூறு ரூபாய்க்குச் சில்லறை கேட்டு. கல்யாணப் பத்திரிகைக்கு டிடிபி அடிப்பவர். திரையை ஒரு தரம் பார்த்தார். சில்லறையை மறந்துவிட்டு, மேசை மேலேயே விரல்களை ஓட்டினார், கீபோர்டு இருப்பதுபோல. "இது பாமினிம்மா. லை போட ஐகாரக் கொம்பை முதல்ல அடிச்சு, அப்புறம் ல அடிப்போம்ல? பாருங்க, தலைதீபாவளின்னு அடிச்சிருக்காரு."

அப்பா தமிழ்த் தட்டச்சுப் படித்தவர். பாமினி என்பது இங்கிலீஷ் எழுத்துகளின் இடத்தில் தமிழ் எழுத்தைக் காட்டும் பழைய எழுத்துரு; அது இல்லாத திரையிலும் அவர் விரல் தமிழில்தான் பேசியிருக்கிறது. எங்களில் யாருக்கும் அது தோன்றவில்லை.

தலைதீபாவளி என்றால் அம்மாவின் ஊர், பரமக்குடி. அக்கா அடித்துப் பார்த்தார், திறக்கவில்லை. அம்மாவுக்குப் போன் போட்டேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, "அந்த வருஷம் எங்கடி ஊர் போய்ச் சேர்ந்தோம்? மழையில ரயில் நின்னுபோச்சு. மானாமதுரை ஸ்டேஷன்லதான் விடிஞ்சுது. உங்கப்பா எங்கிருந்தோ ஒரு பொட்டலம் அதிரசம் வாங்கிட்டு வந்தாரு" என்று சொல்லிச் சிரித்தார். அவர் போன பிறகு அம்மா சிரித்து நான் கேட்டது அப்போதுதான்.

மானாமதுரை. 'து' எழுத்துக்கு ஷிப்ட் விசையை மறக்காமல் அக்காவே அடித்தார். திறந்தது.

அக்கா, பணம் நீட்டியபோது நீங்கள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டீர்கள். "எங்கப்பா கத்துக்குடுத்த வேலைம்மா" என்று சொல்லிவிட்டுச் சில்லறை வாங்கிக்கொண்டு போய்விட்டீர்கள். உங்கள் பெயரைக்கூட நான் கேட்கவில்லை. அந்தக் கோப்புகளில் என்ன இருக்கிறது என்று நீங்களும் கேட்கவில்லை. அப்பா ஊர் ஊராகப் போய், பாட்டிமார் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டு எழுதிய ஒப்பாரிகள் அவை. பாடியவர்களில் பலர் இன்று இல்லை.

எல்லாவற்றையும், தனி எழுத்துரு தேடாமல் எங்கும் தமிழாகவே தெரியும் யூனிகோடுக்கு மாற்றப்போகிறேன். மாற்றும் மென்பொருளை மட்டும் நம்பாமல், ஒவ்வொரு வரியையும் அப்பாவின் மூலத்தோடு வைத்துப் பார்ப்பேன். அந்தந்த ஊருக்கு அந்தந்தப் பாட்டு திரும்பிப் போக வேண்டும். உங்கள் ஊரிலிருந்து அப்பா எழுதிப் போனது நினைவிருந்தால் தெரிவியுங்கள், அதை முதலில் எடுக்கிறேன்.

அம்மா அடுத்த வாரம் மதுரை வருகிறார். அதிரசம் சுட்டு எடுத்துவருவதாகச் சொல்லியிருக்கிறார், அக்கா. கடையில் இருங்கள்.