நைஜீரியாவின் 2014: விடுபட்ட நாலு வரி

ஆசிரியருக்கு,

போகோ ஹராம் தீவிரவாதக் குழுவின் காலத்து நைஜீரியா பற்றித் தங்கள் ஞாயிறு இதழில் வந்த கட்டுரையில் 2014-ஆம் ஆண்டுப் பகுதியைப் படித்தேன். ஏப்ரல் 14 காலை தலைநகர் அபுஜா அருகே நியான்யா பேருந்து நிலையத்தில் குண்டுவெடிப்பு, அன்றிரவே சிபோக் பள்ளியில் 276 மாணவிகள் கடத்தல். எல்லாம் சரி. ஆனால் அதே ஆண்டில் அந்த நாடு எபோலா என்ற கொடிய தொற்றுநோயை மூன்றே மாதத்தில் அடக்கியது பற்றி ஒரு வார்த்தைகூட இல்லை. ஜூலையில் லாகோஸ் நகரில் விமானத்தில் வந்திறங்கிய ஒரே பயணியிடம் தொடங்கிய தொற்று 20 பேரோடு நின்றது; எட்டுப் பேர் இறந்தனர். போலியோ ஒழிப்புக்கென்று இருந்த அமைப்பையே இதற்குத் திருப்பிவிட்டு, வீடு வீடாகப் போய்க் கண்காணித்தார்கள்.

அப்போது எனக்கு லாகோஸில் வேலை. ஆகஸ்டில் ஒரு விடியற்காலை பக்கத்து வீட்டு அம்மா கதவைத் தட்டி, உப்புத் தண்ணீரில் குளித்தால் நோய் அண்டாதாம் என்று ஒரு பொட்டலம் உப்பைக் கையில் திணித்துவிட்டுப் போனார் (அது குழம்புக்கு ஆயிற்று). அந்த வதந்தியையும் சேர்த்துத்தான் சமாளித்தார்கள். இனி இப்படித் தொகுக்கும்போது, குண்டுவெடிப்புத் தேதிகளோடு பொதுச் சுகாதாரத்துக்கும் நாலு வரி ஒதுக்குங்கள்.

– ஒரு வாசகர், திருச்சி