ஸ்ட்ரைக்கர் விழாத கேரம் போர்டு: மாற்றித் தரக் கோரி புகார்

வாடிக்கையாளர் சேவை மேலாளர் அவர்களுக்கு,

வணக்கம். 'போட்டித் தரம்' என்று அட்டையில் அச்சடித்த உங்கள் கேரம் போர்டை எங்கள் மன்றத்துக்கு வாங்கினேன். ஒரு மூலைக் குழி சின்னது. காய் விழுகிறது, காயை அடிக்கிற ஸ்ட்ரைக்கர் மட்டும் பாதி இறங்கி விளிம்பில் மாட்டிக்கொள்கிறது. போனில் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது. ஒருவர் போட்டோ கேட்கிறார், அடுத்தவர் வீடியோ கேட்கிறார், மூன்றாமவர் புகாரே பதிவாகவில்லை என்கிறார்.

போர்டு செய்கிற உங்களுக்குத் தெரியாததில்லை: குழி 4.45 செ.மீ., ஸ்ட்ரைக்கர் அதிகபட்சம் 4.13 செ.மீ. இந்தக் குழியில் ஸ்கேல் வைத்தால் 4 தான் வருகிறது.

சர்வீஸ் சென்டருக்கே கொண்டுவரச் சொன்னார்கள். ஆட்டோவில் போர்டை மடியில் சாய்த்துப் பிடித்துக்கொண்டு போனால், "இங்கே விற்பனை மட்டும்தான்" என்று திருப்பி அனுப்பினார்கள். அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். ஆனால் உங்கள் போனில் பேசிய ஒரு தம்பி, "ஸ்ட்ரைக்கர் விழலைன்னா நல்லதுதானே அங்கிள், மைனஸ் வராதே?" என்றார். பின்னால் யாரோ சிரித்தார்கள்.

தம்பிக்குச் சொல்லுங்கள். ஸ்ட்ரைக்கர் விழுந்தால் போட்ட காயில் ஒன்றை எடுத்து நடுவில் வைக்க வேண்டும். அந்தப் பயம் இல்லாவிட்டால் அது கேரமே இல்லை. எங்கள் இறுதிப் போட்டியில் ஒருவர் 20 பாயின்ட்டில் இருந்தார். 'ரெட்' என்கிற சிவப்புக் காயைப் போட்டு, அதை உறுதிசெய்ய அடுத்துப் போட வேண்டிய தன் காயான 'ஃபாலோ'வும் போட்டாயிற்று, எதிராளிக்கு இரண்டு காய் மிச்சம். இவருடைய கடைசிக் காயும் ஸ்ட்ரைக்கரும் சேர்ந்தே அந்தக் குழிக்குப் போயின. ஸ்ட்ரைக்கர் விளிம்பில் நின்றுவிட்டது. மிச்சக் காய்க்கு 2, ரெட்டுக்கு 3, மொத்தம் 25, ஆட்டம் முடிந்தது! நல்ல போர்டாக இருந்தால் ஸ்ட்ரைக்கரும் விழுந்து ஆட்டம் தொடர்ந்திருக்கும். வருடக்கணக்காகச் சேர்ந்து ஆடியவர்கள் இப்போது முகம் பார்ப்பதில்லை. மன்றத்தையே இழுத்து மூடும் நிலைக்கு வந்துவிட்டோம், முழுக்க முழுக்க உங்கள் போர்டால்.

அப்புறம் போர்டோடு வந்த அந்த விதிமுறைத் தாள். ரெட்டுக்கு எப்போதும் 5 என்று போட்டிருக்கிறீர்கள். யார் எழுதியது? 3 பாயின்ட், அதுவும் 21 வரைக்கும்தான். 22-ஐத் தொட்டவருக்கு ரெட்டால் ஒன்றும் கிடையாது. ஃபாலோ பற்றி ஒரு வரி இல்லை. சர்வதேச கேரம் சம்மேளனம் 1988-ல் தொடங்கியதே இந்தச் சென்னையில்தான். இரண்டு முறை உலக சாம்பியனான மரிய இருதயத்தின் ஊர் இது. இங்கேயே இப்படி விற்றால் எப்படி?

சண்டை போட எனக்கு விருப்பமில்லை. தயவுசெய்து இந்த வாரத்துக்குள் போர்டை மாற்றித் தாருங்கள், எடுத்துப்போக நீங்களே ஆள் அனுப்புங்கள். இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் செய்வேன், அங்கிருந்து மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் போவேன். ஆட்டோ ரசீது உட்பட எல்லாம் பத்திரமாக இருக்கிறது. புதுப் போர்டு வந்தால் நான்கு குழியிலும் ஸ்ட்ரைக்கரைப் போட்டுப் பார்த்த பிறகுதான் கையெழுத்துப் போடுவேன்.

இப்படிக்கு,
மன்றச் செயலாளர்,
சென்னை