அறைக்கு வெளியே இருப்பவர்கள்

அன்புத் தோழிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. அந்தப் பழைய பண வழக்கில் டிக்ரி, அதாவது நீதிமன்றத் தீர்ப்பாணை, வாங்கிவிட்டாய் என்று படித்ததும் மனசு நிறைந்தது. டிக்ரி கையில் வந்த பிறகுதான் உண்மையான வேலையே ஆரம்பம் என்று எழுதியிருந்தாய். சிவில் பக்கமே நின்று இத்தனை வருஷம் உழைத்தவளுக்குத்தான் அது தெரியும். டிக்ரிப்படி வசூலிக்க உனக்கு நிறைவேற்று மனு என்றால், எனக்கு 1958 நியூயார்க் உடன்படிக்கை. இப்போது 170க்கும் மேற்பட்ட நாடுகள் அதில் இருக்கின்றன. நீதிமன்றத்துக்குப் போகாமல் இரு தரப்பும் ஒப்புக்கொண்ட நடுவரிடம் ஒரு நாட்டில் வாங்கிய தீர்ப்பை இன்னொரு நாட்டின் நீதிமன்றத்தில் காட்டிச் சொத்தைப் பிடிக்கலாம். மறுப்பதற்கான காரணங்களை ஐந்தாவது ஷரத்து சுருக்கமாக வரையறுத்துவிட்டது. சாதாரண நீதிமன்றத் தீர்ப்புக்கு எல்லை தாண்டி அவ்வளவு மரியாதை கிடைப்பதில்லை. பன்னாட்டு வணிகர்கள் நடுவர் முறையைத் தேடி வருவதற்கு இதுதான் முக்கியக் காரணம் என்று நினைக்கிறேன். வேகம், செலவு என்று பிரசுரங்களில் சொல்வதெல்லாம் அதற்கு அப்புறம்தான்.

வணிகச் சட்டம், நடுவர் மன்றம், இப்போது தரவுத் தனியுரிமை என்று தாவிக்கொண்டே இருக்கிறாயே, இதில் ஏதாவது தொடர்ச்சி உண்டா என்று கேட்டிருந்தாய். திட்டம் போட்டுப் போகவில்லை. வேலை இழுத்த பக்கம் போனேன். ஆனால் உன் கேள்வியை வைத்து யோசித்தபோது தொடர்ச்சி இருப்பது தெரிந்தது.

ஆரம்ப வருஷங்களில் நான் செய்தது பெரும்பாலும் ஆன்டி-டம்பிங் விசாரணைகள். சொந்தச் சந்தையில் விற்கும் விலையைவிட மலிவாக ஒரு பொருளை வெளிநாட்டில் கொண்டுபோய் இறக்கினால், அங்குள்ள தொழிலைக் காக்கப் போடும் வரி அது. விசாரிக்கும் அதிகாரி ஏற்றுமதியாளருக்கு நீண்ட கேள்விப் பட்டியல் அனுப்புவார். உற்பத்திச் செலவு, ஒவ்வொரு விற்பனையின் விலை, தள்ளுபடி என்று எல்லாவற்றையும் கொடுக்க வேண்டும். பதிலை இரண்டு பிரதியாகத் தயாரிப்போம். ஒன்று அதிகாரிக்கு மட்டும். மற்றது போட்டியாளர்களும் பார்ப்பதற்கு, ரகசிய எண்களை மறைத்து, சுருக்கம் மட்டும் வைத்தது. எதை மறைக்கலாம், எதை மறைக்கக் கூடாது என்று இரவெல்லாம் விவாதிப்போம். கம்பெனியின் விலை ரகசியத்துக்கு அத்தனை காவல். அதே கோப்பில் சம்பளப் பட்டியலும் இருக்கும். அதில் உள்ள பெயர்களைப் பற்றி யாரும் வாய் திறந்ததாக எனக்கு நினைவில்லை.

உலக வர்த்தக அமைப்பின் மேல்முறையீட்டுக் குழு முடங்கிய கதை உனக்குத் தெரிந்திருக்கும். மொத்தம் ஏழு இடங்கள். ஒரு மேல்முறையீட்டைக் கேட்க மூன்று பேர் வேண்டும். புதியவர்களை நியமிக்க அமெரிக்கா ஒப்பவில்லை. 2019 டிசம்பரில் மூன்று பேர்கூட இல்லாமல் போனது. தோற்ற நாடு அங்கே மேல்முறையீடு செய்துவிட்டால் வழக்கு அப்படியே அந்தரத்தில் நிற்கும். 2020ல் ஐரோப்பிய ஒன்றியம், சீனா, கனடா, பிரேசில் போன்றவை சேர்ந்து தங்களுக்குள் ஒரு தற்காலிக ஏற்பாடு செய்துகொண்டன. அதுவும் நடுவர் முறைதான். இத்தனை பெரிய அமைப்பின் கதவு மூடியபோது நாடுகளே நடுவரைத் தேடிப் போனதைப் பார்த்து, அந்தத் துறையின் மேல் எனக்கு மதிப்பு கூடியது. கொஞ்சம் கொஞ்சமாக நானும் அந்தப் பக்கம் போய்விட்டேன்.

அங்கேதான் ஆவணப் பரிமாற்றம் என்ற விஷயத்தை முழு அளவில் பார்த்தேன். எதிர்த்தரப்பு கேட்கும், தீர்ப்பாயம் உத்தரவிடும். திட்டத்தில் வேலை பார்த்தவர்களின் மின்னஞ்சல் பெட்டிகள் மொத்தமாக வந்து இறங்கும். ஒரு கட்டுமான வழக்கில், தாமதத்துக்கு யார் காரணம் என்று தேடிக்கொண்டிருந்தோம். ஒரு பொறியாளரின் பெட்டியில் வரைபடங்களுக்கு நடுவே அவருடைய மருத்துவ அறிக்கை இருந்தது. அடுத்து மனைவிக்கு எழுதிய கடிதம். அப்புறம் விடுப்பு கேட்டு மேலாளருக்கு எழுதிய வேண்டுகோள். வேலையை விட்டுப் போய்ப் பல காலம் ஆகியிருக்கும். தன் கடிதத்தை இரண்டு நாட்டு வழக்கறிஞர்கள், நடுவர்கள், மொழிபெயர்ப்பாளர்கள், மென்பொருள் ஆட்கள் எல்லோரும் படிக்கிறார்கள் என்று அவருக்குத் தெரியவே தெரியாது. நடுவர் வழக்கு ரகசியமாகத்தான் நடக்கிறது என்று எங்கள் பக்கத்தில் சமாதானம் சொல்வார்கள். அந்த ரகசியம் வழக்காடும் இரண்டு தரப்புக்குமானது. அவருக்கு அதில் என்ன காவல்? தோழி, இந்தக் கேள்விதான் என்னைத் தனியுரிமைச் சட்டத்துக்குக் கொண்டுவந்து விட்டது.

ஐரோப்பாவின் தரவுப் பாதுகாப்புச் சட்டமான ஜிடிபிஆர் 2018 மே 25 முதல் நடைமுறைக்கு வந்தது. பலர் அதை அபராதக் கணக்காகத்தான் பார்த்தார்கள். இரண்டு கோடி யூரோ, அல்லது உலகளாவிய ஆண்டு வருவாயில் 4 சதவீதம், எது அதிகமோ அதுவரை போகலாம் என்பதால் பயமும் நியாயம்தான். எனக்கு அதில் பிடித்தது வேறு. அந்தப் பொறியாளர் மாதிரி ஒருவருக்குச் சட்டத்தில் அது ஓர் இடம் கொடுத்தது. தன்னைப் பற்றிய தரவு எங்கே போகிறது என்று கேட்க, தவறாக இருந்தால் திருத்தச் சொல்ல, மறுப்புத் தெரிவிக்க அவருக்கு உரிமை உண்டு. ஆஸ்திரியாவில் சட்டம் படித்துக்கொண்டிருந்த மேக்ஸ் ஷ்ரெம்ஸ் 2013ல் ஃபேஸ்புக் மேல் கொடுத்த புகார், அமெரிக்காவுக்குத் தரவு அனுப்ப இருந்த 'சேஃப் ஹார்பர்' ஏற்பாட்டையே 2015ல் ஐரோப்பிய நீதிமன்றத்தில் விழ வைத்தது. அதற்குப் பதிலாக வந்த ஏற்பாடும் 2020 ஜூலையில் விழுந்தது. 2023ல் ஃபேஸ்புக்கின் தாய் நிறுவனமான மெட்டாவுக்கு அயர்லாந்தின் தரவுப் பாதுகாப்பு ஆணையம் விதித்த 120 கோடி யூரோ அபராதமும் அதே தரவு அனுப்பும் பிரச்சினையில் வந்ததுதான். தனி மனிதர் ஒருவரின் புகாரால் வணிகத்தின் பாதையே மாறியதை என் பழைய வேலையில் நான் பார்த்ததில்லை. உலக வர்த்தக அமைப்பில் நாடுகள் மட்டும்தானே வழக்குப் போட முடியும்!

நடுவர் உலகமும் மெதுவாகத் திரும்பிப் பார்க்கிறது. சர்வதேச வழக்கறிஞர் சங்கமான ஐபிஏவின் சாட்சிய விதிகளை 2020ல் திருத்தியபோது, வழக்கின் ஆரம்பக் கலந்தாலோசனையிலேயே இணையப் பாதுகாப்பையும் தரவுப் பாதுகாப்பையும் பேச இடம் வைத்தார்கள். ஆனால் விஷயம் இன்னும் தெளியவில்லை. டெனன்ட் எனர்ஜி நிறுவனம் கனடா மேல் தொடுத்த வழக்கில் 2019ல், அது அமெரிக்கா, கனடா, மெக்சிகோ செய்துகொண்ட நாஃப்டா வர்த்தக உடன்படிக்கையின் கீழ் நடக்கிறது, ஐரோப்பிய ஒன்றியம் அதில் உறுப்பினர் இல்லை, எனவே ஜிடிபிஆர் வரம்புக்குள் வராது என்று தீர்ப்பாயம் சொல்லிவிட்டது. உடன்படிக்கை வழக்குக்கு அந்த வாதத்தை ஒருவாறு ஏற்கலாம். அதைச் சாதாரண வணிக வழக்குகளுக்கும் இழுத்துப் பேசுகிறவர்களைப் பார்க்கும்போது கோபம் வருகிறது. என் கட்சிக்காரர்களிடம் இப்போது முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: தேவையான காலத்துக்கு மட்டும், தேவையான சொற்களைப் போட்டு மட்டும் தேடுவோம், சம்பந்தமில்லாத பெயர்களை மறைப்போம், வழக்கு முடிந்ததும் யார் எதை அழிப்பது என்று எழுத்தில் வைப்போம். செலவு கூடும் என்று முணுமுணுப்பார்கள். படிக்க வேண்டிய ஆவணமே குறைந்துவிடுவதால் பல வழக்குகளில் செலவு குறைந்துதான் போகிறது.

உன் ஜூனியர் இந்தத் துறைக்கு வர ஆசைப்படுகிறாள் என்று எழுதியிருந்தாய். அவசரப்பட்டு வெளியே அனுப்பாதே. இன்னும் கொஞ்ச காலம் உன்னிடமே சாட்சி விசாரிக்கட்டும், நிறைவேற்று மனு போடட்டும். ஒப்பந்தச் சட்டமும் சாட்சியச் சட்டமும் கைக்கு வராமல் தனியுரிமையில் மட்டும் சான்றிதழ் வாங்கிக்கொண்டு வருகிறவர்கள், படிவம் நிரப்புவதிலேயே நின்றுபோவதைப் பார்க்கிறேன். அத்தோடு, தரவு ஒரு சர்வரிலிருந்து இன்னொன்றுக்கு எப்படிப் போகிறது, பிரதி எங்கெல்லாம் தங்குகிறது என்பதையும் யாராவது பொறியாளரிடம் உட்கார்ந்து கேட்டுத் தெரிந்துகொள்ளச் சொல். வெட்கப்படாமல் கேட்கச் சொல். நான் இன்றும் கேட்கிறேன். அவள் எழுதிய வாதுரை ஏதாவது இருந்தால், பெயர்களை மறைத்துவிட்டு எனக்கு அனுப்பச் சொல். படித்துவிட்டு அவளுக்கே நேராக எழுதுகிறேன்.

அன்புடன்,
உன் தோழி