பொடக்காலிக்கு முதலில் நிழல், பிறகு நாற்காலி

அம்மணி,

வீட்டுக்குப் பின்னால் பொடக்காலியில் உட்காரும் இடம் அமைக்க நீ அனுப்பிய படத்தைப் பார்த்தேன். பதினாலுக்குப் பன்னிரண்டு அடித் தரை, பிரம்பு மாதிரி பின்னிய சோபா, மேலே பாலிகார்பனேட் கூரை, ஓரமாகத் தொட்டிச் செடிகள். பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் உன் வீட்டு வாசல் கிழக்கே, பொடக்காலி மேற்கே. கோயமுத்தூர் வெயிலும் பாலக்காட்டுக் கணவாய்க் காற்றும் நேராக வந்து விழும் பக்கம் அது. அடியில் கரிசல் வேறு. சோபாவுக்கு இப்போது பணம் கட்டாதே. தரையும் நிழலும் முடிந்த பிறகு மிச்சத்தில் வாங்கினால் போதும்.

கூரையிலிருந்து தொடங்குகிறேன். ஒளி ஊடுருவும் பாலிகார்பனேட் வேண்டாம். கோயமுத்தூரில் ஏப்ரல் 20 வாக்கில் உச்சி வெயில் நேர் தலைக்கு மேல் நிற்கும். அந்த ஷீட்டுக்குக் கீழே பகலில் உட்கார முடியாது. பச்சை வலையும் வேண்டாம், ஆடியில் கட்டின இடத்திலேயே கிழியும். அதற்குக் கீழே உட்கார்ந்தால் இட்லிகூடப் பச்சையாகத் தெரியும். மங்களூர் ஓடு எனக்குப் பிடித்ததுதான், ஆனால் அதற்கு 25 பாகைக்குக் குறையாத சரிவு வேண்டும். எட்டடி ஆழக் கூரைக்கு ஏறக்குறைய நாலடி ஏற்றம் ஆகிவிடும், உன் சன்ஷேடில் இடிக்கும். அதனால் பஃப் பேனல் போடு, இரண்டு தகட்டுக்கு நடுவே நுரை வைத்தது. வெறும் தகரத்தைப் போல மழையில் இரையாது, சூடும் இறங்காது. வீட்டுப் பக்கம் எட்டடி உயரம், மேற்கு விளிம்பில் ஏழேகால் அடி. சுவரிலிருந்து எட்டடி வரை கூரை, மீதி நாலடி வானத்துக்கு விட்டுவிடு. கூரையைச் சுவரில் அடிக்காமல் தனித் தூண்களில் நிற்கவை. பின்பக்கம் விடவேண்டிய காலியிடத்துக்கு விதி உண்டு. அங்கே நிலையான கூரை போடலாமா என்று உன் அனுமதி வரைபடத்தை வைத்துப் பொறியாளரிடம் முதலிலேயே கேட்டுக்கொள்.

கூரை மட்டும் போட்டுவிட்டால் நிழல் வந்துவிடாது. சித்திரையில் மாலை நாலு மணிக்குச் சூரியன் 35 பாகை உயரத்தில்தான் இருக்கும். ஏழேகால் அடி விளிம்புக்குக் கீழே பத்தடி தூரம் வெயில் உள்ளே வரும், அதாவது சுவர் வரை. ஐந்து மணிக்கு இன்னும் சாய்ந்து முகத்திலேயே அடிக்கும். நீங்கள் இருவரும் வேலை முடிந்து உட்கார நினைக்கும் நேரமே அதுதானே? கூரையின் மேற்கு விளிம்பிலிருந்து மூங்கில் சிக், அதாவது சுருட்டித் தூக்கும் தட்டி, தொங்கவிடு. பதினாலடிக்கு ஒரே சிக் வாங்காதே, கனம் தாங்காமல் கயிறு அறுந்துபோகும். மூன்றாகப் பிரித்து, ஒவ்வொன்றின் அடிக் கம்புக்கும் இரண்டு பக்கமும் தரையில் கொக்கி வை. பங்குனி, சித்திரையில் மூன்றரை மணிக்கு இறக்கினால் போதும். ஆடியில் சுருட்டிக் கட்டிவிடு. அம்மியே பறக்கிற காற்றில் சிக் எம்மாத்திரம்!

காற்றுக்குத் தனி ஏற்பாடு வேண்டும். மேற்கு எல்லையில் சுவரை இன்னும் உயர்த்தலாமா என்று மாப்பிள்ளை கேட்டாராம். வேண்டாம். அடைத்த சுவரின் மேல் ஏறிய காற்று உள்பக்கம் சுழன்று விழும். தூசியையும் சருகையும் நீங்கள் உட்காரும் இடத்திலேயே கொண்டுவந்து கொட்டும். பாதி அடைப்பும் பாதி ஓட்டையுமாக இருந்தால்தான் காற்று வேகம் குறைந்து கடக்கும். ஏழடி உயரத்துக்கு வெல்டு மெஷ் கம்பிவலை அடித்து முல்லை ஏற்றிவிடு. மூன்றடிக்கு ஒன்றாக ஐந்து செடி, ஒன்றரை அடிக் குழி, செம்மண்ணும் மக்கிய சாணியும். முழுதாக மூட ஒரு வருஷமாவது ஆகும். அதுவரை நடுவில் அவரை போட்டுக்கொள்ளலாம். அவரையை மட்டும் நம்பாதே, ஆடிப் பட்டத்தில் போட்டது தைக்கு மேல் காய்ந்துவிடும். வெயில் ஏறுகிற மாசியிலிருந்து உன் பந்தல் வெறும் கம்பியாக நிற்கும்.

இனித் தரை. பணம் போகவேண்டிய இடம் இது. ஆனால் முடிந்த பிறகு கண்ணுக்குத் தெரியாது. கரிசல் மழையில் உப்பும், கோடையில் சுருங்கி வாய் பிளக்கும். சித்திரையில் வெடித்துக் கிடக்கும் மண்மேல் தரை போட்டால் ஐப்பசியில் அது உப்பித் தரையைத் தூக்கிவிடும். மார்கழி, தையில் மண்ணில் ஈரம் இருக்கும்போது வேலையை ஆரம்பி. பதினைந்து அங்குலம் தோண்டிக் கரிசலை வெளியேற்று. அந்தக் குழியை கிராவல் மண்ணால் நிரப்பு. ஒரே தடவையில் கொட்டி மேலே தண்ணீர் விட்டுவிட்டுப் போவார்கள், விடாதே. ஐந்தைந்து அங்குலமாக மூன்று அடுக்கு, ஒவ்வொன்றுக்கும் தண்ணீர் தெளித்து இடி மெஷினால் இறுக்க வேண்டும். இறுகிய பிறகு அளவு குறையும் என்பதால் மூன்று யூனிட்டுக்குக் கொஞ்சம் குறைவாகவே கிராவல் பிடிக்கும் (ஒரு யூனிட் நூறு கன அடி). அதன்மேல் நாலு அங்குலம் 1:4:8 கான்கிரீட், அதாவது சிமென்ட் ஒன்று, மணல் நாலு, ஜல்லி எட்டு. இந்த அளவு இடத்துக்கு சிமென்ட் ஆறு மூட்டை, எம்-சாண்ட் (கல்லை உடைத்துச் செய்யும் மணல்) கால் யூனிட்டைவிடச் சற்றுக் கூட, நாற்பது எம்.எம். ஜல்லி அரை யூனிட்டுக்குச் சற்று மேல். ஏழு நாள் தண்ணீர் கட்டு.

அந்த கான்கிரீட் வீட்டுச் சுவரைத் தொடவே கூடாது. ஓரத்தில் அரை அங்குல தெர்மோகோல் வைத்துவிட்டுப் போடச் சொல். தரையும் அஸ்திவாரமும் ஒன்றாக இறங்கி ஏறாது. ஒட்டிப் போட்டால் விரிசல் தரையோடு நிற்காமல் சுவருக்குப் போகும்.

கான்கிரீட் போடும் முன் ஒரு அங்குல பிவிசி குழாய் இரண்டைக் குறுக்கே புதைத்துவிடு. ஒன்று கரண்டுக்கு, ஒன்று சும்மா கிடக்கட்டும். நாளைக்கே தோட்டத்துக்குச் சொட்டுநீர் போடத் தோன்றினால் தரையை உடைக்க வேண்டியிராது.

தண்ணீர் ஓடும் வாட்டம் பத்தடிக்கு இரண்டு அங்குலம், வீட்டிலிருந்து மேற்கே. மேஸ்திரி கண்ணால் பார்த்து ‘வாட்டம் இருக்குதுங்க’ என்பார். கல் ஒட்டும் முன் தண்ணீர் நிரப்பிய டியூப் லெவல் வைத்து நான்கு மூலையையும் நீயே பார். கடைசி ஓரத்தில் நாலு அங்குல வாய்க்கால், அங்கிருந்து மழைநீர்த் தொட்டிக்கு. தண்ணீர் தேங்கினால் கொசுதான் முதலில் குடிவரும். முடிந்த தரை, சுவர் ஓரத்தில் சுற்றுமண்ணைவிட ஆறு அங்குலம் உயரமாக வரும். உன் வீட்டுத் தளம் இரண்டடி உயரம் என்றால் மிச்சம் ஒன்றரை அடி. ஆறு அங்குல ஏற்றமாக நடுவில் இரண்டு படி, மிதி பன்னிரண்டு அங்குலம்.

கல்லுக்குக் கறுப்புக் கடப்பா வேண்டாம், வெயிலில் கால் வைக்க முடியாது. பளபளப்பான டைல்ஸ் மழையில் வழுக்கும். ஆத்தங்குடி டைல்ஸ் கேட்டிருந்தாய், அதை உள்ளே ஆசாரக் கூடத்தில் போட்டுக்கொள், வெயில் மழைக்கு அது தாங்காது. வெளிர் நிறத்தில் சொரசொரப்பான கிரானைட், ஃபிளேம் ஃபினிஷ் என்று கேள்.

தூண்கள் 75 எம்.எம். சதுர ஜி.ஐ. குழாய், துத்தநாகம் பூசிய இரும்பு. தூணை மண்ணில் புதைத்துச் சுற்றிலும் கான்கிரீட் போடுவது இங்கே வழக்கம். மண் மட்டத்தில் ஈரம் நின்று சரியாக அந்த இடத்தில்தான் துரு பிடிக்கும். பதினெட்டு அங்குலச் சதுரக் குழி நாலடி ஆழம் தோண்டி கான்கிரீட் நிரப்பி, தரைக்கு மேல் தகடு வைத்து போல்ட் போட வேண்டும். அந்தக் கனம் கூரை பாரத்துக்காக மட்டும் இல்லை, ஆடிக்காற்று கூரையைத் தூக்கப் பார்க்கும். ஊஞ்சலை இந்தக் கூரைக் குழாயில் மாட்டவே கூடாது. வேண்டுமானால் அதற்குத் தனிச் சட்டம், முன்னும் பின்னும் நாலடி காலியிடம். பன்னிரண்டு அடி ஆழத்தில் மேசையும் ஊஞ்சலும் சேர்ந்து இருக்காது, இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடு.

என் யோசனை, வடக்கு ஓரமாக ஒரு திண்ணை. உயரம் பதினேழு அங்குலம், அகலம் இரண்டரை அடி. உட்காரலாம், மதியம் படுக்கலாம், விருந்தாள் வந்தால் ஆறு நாற்காலி மிச்சம். மேல் கல்லில் கால் அங்குலம் வெளிவாட்டம் கொடு. பின்னல் சோபாவின் பிளாஸ்டிக் வெயிலில் நொறுங்கும்; மெத்தையைத் தினமும் யார் உள்ளே எடுத்து வைப்பது?

விறகடுப்பு மேடை கட்டாதே. மேற்குக் காற்றில் புகை முழுக்கச் சமையலறைக்குத்தான் வரும். நகர்த்துகிற இரும்படுப்பு ஒன்று போதும்.

கரண்டுக்கு 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. கட்டாயம், கரண்ட் கசிந்தால் உடனே நிறுத்திவிடும் சாதனம் அது. விளக்கு மஞ்சள் ஒளியாக, உட்காரும் இடத்திலிருந்து தள்ளி இருக்கட்டும். வெள்ளை விளக்குக்குப் பூச்சி அதிகம் வரும். சுவரில் ஒரு மின்விசிறி மாட்டு, அந்தக் காற்றில் கொசுவால் நிற்க முடியாது.

வேம்பை வீட்டுச் சுவரிலிருந்து பதினைந்து அடிக்குள் வைக்காதே, கரிசலின் ஈரத்தை வேர் உறிஞ்சினால் மண் சுருங்கிச் சுவர் வெடிக்கும். முருங்கையும் உட்காரும் பக்கம் வேண்டாம். மழைக்காலத்தில் கம்பளிப்பூச்சி, காற்றில் கிளை முறிவு. தென்மேற்கு மூலையில் ஒரு புங்கன் போதும்.

சன்ஷேடின் அடிமட்டம் மண்ணிலிருந்து எத்தனை அடி, நிலைப்படி எத்தனை அங்குலம் என்று அளந்து எழுது. படிக்கும் கூரைக்கும் வரைபடம் போட்டு அனுப்புகிறேன். மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல்.

அப்பா