பாதி வகுப்பில் நிறுத்தாதீர்கள்

வெளிநாட்டுக் கல்வி உதவிக்கு நிதி ஒதுக்கும் அமைச்சர்களுக்கு,

வணக்கம். உங்கள் பணத்தால் ஒன்றும் ஆகவில்லை என்று குறை சொல்ல நான் எழுதவில்லை. ஆகியிருக்கிறது. அதைப் பாதியில் நிறுத்திவிடுகிறீர்களே என்பதுதான் என் கவலையே.

ராஜஸ்தானில் 1992இல் தொடங்கிய லோக் ஜும்பிஷ் என்ற பள்ளிக் கல்வித் திட்டத்துக்கு சுவீடன் மூன்று பங்கு, இந்திய அரசு இரண்டு, மாநில அரசு ஒன்று என்று பணம் போட்டார்கள். வேலை கட்டடத்திலிருந்து தொடங்கவில்லை. ஊர்க்காரர்களே தங்கள் ஊரைப் படமாக வரைந்து, வீடு வீடாக எந்தப் பிள்ளை பள்ளிக்குப் போகிறது, எது போகவில்லை என்று குறித்தார்கள். பதிவேட்டில் அகப்படாத பிள்ளைகூட அந்தப் படத்தில் அகப்பட்டுவிடும். சொந்த ஊர்க்காரர் கண்ணிலிருந்து யார் தப்ப முடியும்? பகலில் வேலைக்குப் போகும் பிள்ளைகளுக்குத் தோதான நேரத்தில் தனி மையங்கள் வைத்தார்கள்.

1998 மே மாதம் பொக்ரானில் அணுகுண்டுச் சோதனை நடந்தது. சுவீடன் உதவியை நிறுத்திவிட்டது. அணு ஆயுதத்தை எதிர்ப்பதில் எனக்கும் உடன்பாடுதான். ஆனால் ஆட்டைப் பட்டியில் அடைத்துவிட்டு வந்து சிலேட்டைப் பிடிக்கும் பிள்ளைக்கும் அந்தக் குண்டுக்கும் என்ன சம்பந்தம்? அப்புறம் பிரிட்டன் கைகொடுத்ததால் திட்டம் பிழைத்தது. எல்லாத் திட்டத்துக்கும் அப்படி ஒருவர் வந்து நிற்பாரா?

பள்ளியை மூடவே கூடாது என்று நான் சொல்லவில்லை. வங்கதேசத்தில் பிராக் என்ற தொண்டு அமைப்பு 1985இல் 22 பள்ளிகளோடு தொடங்கியது. மூங்கில் தட்டியோ மண்ணோ வைத்த சுவர், தகரக் கூரை, தரையில் பாய். ஒரே அறையில் முப்பது பிள்ளைகள், அதில் பெண் பிள்ளைகள்தான் அதிகம். அதே ஊர்ப் பெண் ஒருவர்தான் ஆசிரியை. பள்ளி நேரத்தைப் பெற்றோரிடம் கேட்டுத்தான் வைப்பார்கள். ஐந்து வகுப்புப் பாடத்தை அதே பிள்ளைகளோடு நான்கு ஆண்டில் முடிப்பார்கள். அதற்குப் பிறகு அந்த ஊரில் புதிதாகச் சேர்க்கப் பிள்ளைகள் போதவில்லை என்றால் அறையை மூடிவிடலாம். யாருக்கும் நட்டமில்லை, வேலை முடிந்தது. பின்னாளில் பிரிட்டனும் ஆஸ்திரேலியாவும் பல ஆண்டுகள் சேர்ந்தாற்போல் பணம் தந்தது, பிராக் இப்படித் திட்டமிட உதவியது.

இப்போது அதே நாட்டின் காக்ஸ் பஜாரைப் பாருங்கள். 2025இல் நிதி வறண்டதும் மியான்மரிலிருந்து தப்பி வந்த ரோஹிங்யா அகதிகளின் முகாம்களில் கற்றல் மையங்கள் மூடப்பட்டன. ஆயிரத்துக்கும் மேற்பட்ட உள்ளூர் ஆசிரியர்களின் வேலை போனது. அதிலும் முதலில் அடிபட்டது மழலை வகுப்பும் முதல் இரண்டு வகுப்புகளும். எழுத்துக் கூட்டத் தொடங்கிய பிள்ளையை அந்த இடத்தில் விட்டால், ஆறு மாதம் கழித்து மறுபடி அரிச்சுவடியிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும். மிச்சம் பிடித்தது எங்கே?

அதே ஆண்டில் அமெரிக்கா தன் உதவி நிறுவனத்தையே இழுத்து மூடியது. பிரிட்டன், 2027க்குள் தேசிய வருமானத்தில் 0.3 விழுக்காடாக உதவியைக் குறைப்பதாகச் சொல்லிவிட்டது. பள்ளிக்கு வெளியே இருக்கும் பிள்ளைகளோ 27 கோடிக்கு மேல் என்கிறது யுனெஸ்கோ.

சரி, உங்கள் நாட்டிலும் ஆட்சி மாறும், பட்ஜெட் இடிக்கும். குறைப்பதென்றால் புதிய பிள்ளைகளைச் சேர்ப்பதில் குறையுங்கள். ஏற்கெனவே பாயில் உட்கார்ந்துவிட்ட பிள்ளைகளின் கடைசி வகுப்புவரை ஆகும் செலவை, முதல் நாளே தனியாக எடுத்து வைத்துவிடுங்கள். எந்த அரசு வந்தாலும் அந்தப் பணத்தில் கைவைக்க முடியாது என்று அடுத்த ஒப்பந்தத்திலேயே எழுதிக் கையெழுத்துப் போடுங்கள்.

இப்படிக்கு,
வரி கட்டும் ஒரு வாசகர்